அந்த 50 ஓம் எங்கே இருக்கு?

அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் ஆன்டெனா சாக்கெட்டுக்குப் பக்கத்தில் ‘50 ஓம்’ என்று போட்டிருக்கும். உள்ளேயும் 50 ஓம் மின்தடை ஒன்று உட்கார்ந்திருப்பதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு இடிக்குது.

12 வோல்ட்டில் ஓடும் 5 வாட் மோர்ஸ் செட்டை எடுத்துக்குவோம். உள்ளேயும் 50 ஓம் தடை இருந்தால், ஆன்டெனாவுக்கு 5 வாட் போகும்போது அந்தத் தடையிலும் 5 வாட் சூடாகப் போகணும். அப்போ எஃபிஷியன்சி 50 சதவீதத்தைத் தாண்டவே முடியாது. ஆனால் இந்த மாதிரி செட்டில் இருக்கும் கிளாஸ் சி ஆம்ப்ளிஃபையர் 70 சதவீதம்கூடத் தரும்.

சரி, 50 எங்கிருந்து வந்தது? வோல்ட்டேஜின் வர்க்கத்தை பவரின் இரு மடங்கால் வகுத்தால், 144/10 = 14.4 ஓம். 5 வாட் வரணும்னா டிரான்சிஸ்டருக்குத் தோராயமாக இந்தச் சுமை தெரியணும். வெளியே மாட்டிய 50 ஓமை அதற்கு 14.4 ஆகக் காட்டுவதுதான் மேட்சிங் சர்க்யூட்டின் வேலை. இது நாம் தேர்ந்தெடுத்த சுமை. டிரான்சிஸ்டரின் உள்தடை இல்லை.

ஆக, ‘50 ஓம்’ என்றால் ‘எனக்கு 50 ஓம் சுமை கொடு’ என்று அர்த்தம். ஆன்டெனா பொருந்தாதபோது செட் எரிவதும் இதனால்தான். திரும்பி வந்த பவரை உள்ளே ஒரு தடை வாங்கிச் சூடாவதில்லை. சுமை மாறுவதால் டிரான்சிஸ்டர்மேல் வோல்ட்டேஜோ கரண்டோ எல்லை மீறுது.