தென்னிந்தியப் பழைய வாள்பிடிகளும் கட்டாரிகளும்

தென்னிந்தியப் பழைய வாள்பிடிகள், கைக்காப்புகள், கட்டாரிகள் ஆகியவை விஜயநகர, நாயக்க, மராத்தியர் காலத்து உலோகக் கலைக்குச் சான்றாக எஞ்சியிருப்பவை. இரும்பு, பித்தளை, வெள்ளி ஆகியவற்றில் செய்யப்பட்ட இவற்றில் யாளி, மகரம், கிளி, கொடி முதலிய உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். இவற்றுள் பெரும் புகழ் பெற்றவை தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வெளியே சென்றவை. இன்று அவை சென்னை அருங்காட்சியகத்திலும், அயல்நாட்டு அருங்காட்சியகங்களிலும், தனியார் சேகரிப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

இந்தப் பொருள்களில் செய்தவரின் பெயர் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே அவற்றின் காலத்தை அறிய ஆய்வாளர் இரண்டையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. ஒன்று, பொருள் எங்கிருந்து வந்தது என்னும் பதிவு. மற்றொன்று, காலம் தெரிந்த கோயில் சிற்பங்கள். முதலாவது பெரும்பாலும் அழிந்துவிட்டது. இரண்டாவதை இன்றும் நேரில் காணலாம். அதற்குக் காஞ்சிபுரம் ஏற்ற இடமாகும்.

ஜப்பானிய வாள் உறுப்புகளுடன் ஓர் ஒப்பீடு

வாள் உறுப்புகளைச் சேகரிப்பதும் ஆராய்வதும் ஜப்பானில் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. ஜப்பானிய வாளில் அலகுக்கும் கைப்பிடிக்கும் இடையே உள்ள தட்டு ‘ட்சுபா’ எனப்படும். இது பொதுவாக ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுடையது. அலகின் வால் நுழைவதற்காக இதன் நடுவில் ஒரு துளை இருக்கும். கைப்பிடியின் இரு முனைகளிலும் அமையும் உலோகப் பூண்கள் ‘ஃபுச்சி’, ‘காஷிரா’ என்றும், பிடியின் பக்கங்களில் வைக்கப்படும் சிறு உருவங்கள் ‘மெனுகி’ என்றும் அழைக்கப்படுகின்றன.

ஜப்பானிய வாளில் அலகையும் கைப்பிடியையும் பிணைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு மூங்கில் ஆணிதான். அதை எடுத்துவிட்டால் வாள் முழுவதும் தனித்தனி உறுப்புகளாகப் பிரிந்துவிடும். ஆகவே ஒரே அலகுக்கு வெவ்வேறு ட்சுபாக்களை மாற்றிப் பொருத்த முடிந்தது. ட்சுபாவும் தனிக் கலைப்பொருளாக மதிக்கப்பட்டது. பல ட்சுபாக்களில் நடுத்துளையின் அருகே கைவினைஞர் தம் பெயரைப் பொறித்தனர். கோட்டோ குடும்பத்தினர் போன்றோர் 15ஆம் நூற்றாண்டு முதல் பல தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்துவந்தனர்.

1876ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு பொதுமக்கள் வாள் அணிவதைத் தடை செய்தது. அதன்பின் ஏராளமான வாள் உறுப்புகள் சந்தைக்கு வந்து, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. ஆனால் பொறித்த பெயர்களும், பள்ளிகளைப் பற்றிய நூல்களும் இருந்ததால், இடம் பெயர்ந்த பின்னரும் பலவற்றின் வரலாறு முற்றிலும் அழியவில்லை.

தென்னிந்திய வாளின் அமைப்பு வேறானது. அலகின் வால் உலோகப் பிடிக்குள் செருகப்பட்டு, சூடான அரக்கு அல்லது பிசின் கலவையால் இறுக்கப்பட்டது. சில வகைகளில் அலகு தறையாணிகளாலும் பிணைக்கப்பட்டது. எனவே பிடி தனியாகச் சேகரிக்கப்படுவது அரிது. பெயர் பொறிக்கும் வழக்கமும் பரவலாக இல்லை. இத்தகைய பொருள் ஒன்று தன் இடத்தை விட்டு நகர்ந்தால், அதன் வரலாறும் பெரும்பாலும் அத்துடன் தொலைந்துவிடும்.

முக்கிய வகைகள்

கட்டாரி: இது குத்துவதற்கான ஆயுதம். இரு பக்கச் சட்டங்களையும் அவற்றை இணைக்கும் குறுக்குப் பிடிகளையும் கொண்டது. குறுக்குப் பிடியைக் கைக்குள் அடக்கிக் குத்துவதுபோல் பிடித்தால், அலகு கைமுட்டிக்கு நேர் முன்னால் நீட்டி நிற்கும். தென்னிந்தியாவின் பழைய கட்டாரிகள் பலவற்றில் புறங்கையை மறைக்கும் வளைந்த தகடு ஒன்று உண்டு. படகின் பாய்போல் வளைந்த இத்தகட்டில் துளையிட்ட வேலைப்பாடும் உருவங்களும் காணப்படும். பிற்கால வட இந்தியக் கட்டாரிகளில் பெரும்பாலும் இத்தகடு இருப்பதில்லை.

கூடைப்பிடி வாள்: கையைச் சுற்றி அகன்ற காப்புத் தகடுகள் அமைந்த நேரான வாள் இது. பிடியின் மேல் முனையில் வட்டத் தட்டும் அதற்கு மேல் ஒரு கூர்முனையும் இருக்கும். இந்தியப் பிடியில் ஐரோப்பிய அலகு பொருத்தப்பட்ட வாள் ‘ஃபிரங்கி’ எனப்பட்டது. தமிழில் ஐரோப்பியரைக் குறிக்கும் ‘பரங்கி’ என்னும் சொல்லும் இதே மூலத்தைச் சேர்ந்தது.

கட்டாரிகளிலும் ஐரோப்பிய அலகுகள் மிகுதி. கடல் வணிகத்தில் வந்த நீண்ட வாள்களின் அலகுகள் வெட்டப்பட்டு, கட்டாரியின் அடித்தகட்டில் தறையாணிகளால் பொருத்தப்பட்டன. ஆகவே ஒரு கட்டாரியின் அலகுக்கும் பிடிக்கும் தனித்தனியே காலம் கணிக்க வேண்டும். அலகில் ஐரோப்பிய முத்திரை இருந்தால், அது அலகின் வயதை மட்டுமே காட்டும். பிடி அதைவிடப் பழையதாகவோ புதியதாகவோ இருக்கலாம்.

தஞ்சை ஆயுதசாலையின் சிதைவு

தஞ்சாவூரை முதலில் நாயக்கர்களும், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மராத்தியர்களும் ஆண்டனர். இரண்டாம் சரபோஜியின் மகனான சிவாஜி 1855ஆம் ஆண்டு ஆண் வாரிசு இன்றி இறந்தார். வாரிசு இல்லை என்னும் காரணத்தைக் காட்டி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டது.

அரண்மனை ஆயுதசாலையில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாள்களும் கட்டாரிகளும் ஈட்டிகளும் பிந்திய ஆண்டுகளில் கலைக்கப்பட்டன. தேர்ந்தெடுக்கப்பட்ட சில சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. மா. ஜ. வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1878இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் தஞ்சையின் பழைய ஆயுதசாலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றைய ஆய்வாளர்களுக்கு அது முக்கியமான சான்றாக உள்ளது.

இழப்பு பொருள்களோடு மட்டும் நிற்கவில்லை. ஒரே கூடத்தில் சேர்ந்திருந்த ஆயுதங்களை வரிசைப்படுத்தினால், எது முந்தியது, எது பிந்தியது, எது ஒரே பட்டறையில் செய்யப்பட்டது என்பதை ஒப்பிட்டு அறிய முடியும். அந்த வாய்ப்பு அத்துடன் மறைந்தது. இன்று ஏலத்திற்கு வரும் ஒரு கட்டாரி ‘தஞ்சாவூர்’ என்று குறிக்கப்பட்டால், அது ஆயுதசாலையிலிருந்து வந்ததற்கான ஆவணம் உள்ளதா, அல்லது வடிவத்தைப் பார்த்து மட்டும் அவ்வாறு சொல்லப்படுகிறதா என்று கேட்பது அவசியம்.

காஞ்சிபுரத்தின் கல் சான்றுகள்

ஆவணம் இல்லாத இடத்தில் சிற்பம் உதவுகிறது. பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தில், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு இடைவெளியில் செதுக்கப்பட்ட ஆயுதங்களை ஒரே நகரில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கைலாசநாதர் கோயில் இரண்டாம் நரசிம்மவர்மன் எனப்படும் இராசசிம்மப் பல்லவனால் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிக் கட்டப்பட்டது. இங்குள்ள கொற்றவை உருவங்களின் கைகளில் வாள், கேடயம், வில் முதலியவற்றைக் காணலாம்.

வைகுந்தப் பெருமாள் கோயில் இரண்டாம் நந்திவர்மன் காலத்தது. இதன் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ அரசர்களின் வரலாறு வரிசையான காட்சிகளாகச் செதுக்கப்பட்டுள்ளது. முடிசூட்டு, அரசவை, படை, போர் எனப் பல நிகழ்ச்சிகள் இதில் இடம்பெறுகின்றன. நந்திவர்மன் அரசுரிமை பெற்ற நிகழ்ச்சியைக் காட்டும் பகுதியில் விளக்கக் கல்வெட்டுகளும் உள்ளன. வரலாற்று ஆய்வாளர் சி. மீனாட்சி இச்சிற்பங்களை விரிவாக ஆராய்ந்தார். அவருடைய நூல் 1941இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. தெய்வங்களுக்குப் பதிலாக மனிதர்கள் ஆயுதம் ஏந்தி நிற்பதால், ஆயுத ஆய்வுக்கு இத்தொடர் தனி மதிப்புடையது.

வரதராசப் பெருமாள் கோயிலின் கல்யாண மண்டபம் விஜயநகர காலத்தைச் சேர்ந்தது. அதன் தூண்களில் குதிரைகள் மீதும் யாளிகள் மீதும் அமர்ந்த வீரர்கள் காணப்படுகின்றனர். இதே மரபைத் திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தின் பாயும் குதிரைத் தூண்களிலும் காணலாம். பல்லவர் காலச் சிற்பத்திலுள்ள வாளையும் இத்தூண்களில் உள்ள வாளையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பிடியின் வடிவம், கைக்காப்பின் அகலம், மேல்முனைக் குமிழ், உறையின் அலங்காரம் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளலாம்.

நடுகற்களும் இத்தகைய சான்றே. திருவண்ணாமலை மாவட்டச் செங்கம் பகுதி நடுகற்கள் பலவற்றில் வீரனின் உருவத்துடன் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே அவற்றில் உள்ள ஆயுதத்தின் காலத்தைச் சற்று நெருக்கமாகவே கூற முடியும்.

சிற்பச் சான்றின் எல்லைகள்

சிற்பத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. முதலாவதாக, தெய்வங்களின் ஆயுதங்கள் சிற்ப நூல் மரபுப்படி அமைபவை; அவை அக்காலப் போர்க்களத்தில் பயன்பட்ட வடிவமாக இருக்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, கைலாசநாதர் கோயிலின் மணற்கல் உருவங்கள் பிற்காலத்தில் சுதை பூசிப் பழுது பார்க்கப்பட்டவை. காணும் விளிம்பு பல்லவச் சிற்பியுடையதா, பிற்காலச் சுதை வேலையா என்பதை முதலில் அறிய வேண்டும். மூன்றாவதாக, கல் வடிவத்தைக் காட்டுமே தவிர, உலோகத்தையோ உள்ளிணைப்பையோ காட்டாது.

அலங்கார உருவங்களை மட்டும் கொண்டு காலம் கணிப்பதும் பிழையாகும். யாளி, கிளி, அன்னம், மயில் ஆகியவை வாள்பிடியிலும் தூணிலும் மட்டுமன்றிக் காஞ்சிபுரம் பட்டுச்சேலைக் கரையிலும் இன்றுவரை நெய்யப்படுகின்றன. நெடுங்காலம் தொடரும் உருவம் ஒன்று இருப்பதாலேயே ஒரு பொருள் பழையது ஆகிவிடாது. உருவம் எவ்வாறு உலோகத்தில் செதுக்கப்பட்டுள்ளது, தகடு எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளது, கைபடும் இடம் எவ்வாறு தேய்ந்துள்ளது என்பவையே வலுவான அடையாளங்கள்.

ஆய்வு முறை

ஒரு வாள்பிடியை ஆராயும்போது கீழ்க்கண்டவை பதிவு செய்யப்பட வேண்டும்:

• நீளம், அகலம், எடை. எல்லாப் பக்கங்களின் அளவுகோலுடன் கூடிய ஒளிப்படங்கள்.
• பிடி, காப்பு, அலகு ஆகிய ஒவ்வொன்றின் உலோகம், இணைப்புகளின் வகை.
• முத்திரை, எழுத்து, எண். அருங்காட்சியக எண்ணோ ஆயுதசாலைக் குறியோ இருந்தால் அதை அழிக்கக் கூடாது.
• பழுது பார்த்த இடங்கள், பிற்காலச் சேர்க்கைகள்.
• பொருள் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்னும் வரிசை.

ஆயுத பூசையில் ஆயுதங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவது வழக்கம். செதுக்கல்களின் இடுக்கில் அவற்றின் எச்சம் தங்கியிருக்கக்கூடும், அதுவும் சான்றே. புளி, எலுமிச்சை, மெருகுப் பசை ஆகியவற்றால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் இந்த எச்சங்களும், காலத்தால் படிந்த மேற்படலமும், மெல்லிய வெள்ளி, தங்க வேலைப்பாடுகளும் ஒருசேர அழிந்துவிடும். ஈரமற்ற இடத்தில் வைப்பதும், பரவும் துருவை வல்லுநர் மூலம் நிறுத்துவதுமே போதுமானவை.

நூல்களும் சேகரிப்புகளும்

எகர்ட்டன் 1880இல் வெளியிட்ட இந்திய ஆயுதங்கள் பற்றிய விளக்க நூல் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. அமெரிக்கரான ஜார்ஜ் கேமரூன் ஸ்டோன் ஜப்பானிய வாள் உறுப்புகளையும் இந்தியக் கட்டாரிகளையும் சேர்த்தே திரட்டியவர். 1934இல் அவருடைய ஆயுதச் சொற்களஞ்சியம் வெளிவந்தது. 1935இல் அவர் இறந்தபின் அவருடைய சேகரிப்பு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தது. ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூல், தென்னிந்திய ஆயுதங்களைக் கோயில் சிற்பங்களோடும் சடங்குகளோடும் ஒப்பிட்டு ஆராய்கிறது.

தமிழகத்தில், 1851இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதங்களைக் காணலாம்.

சட்டம்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருள்களாகும். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. விற்பனை செய்வோர் உரிமம் பெற வேண்டும். வாள் போன்ற ஆயுதங்களுக்கு ஆயுதச் சட்டமும் பொருந்தக்கூடும். வீட்டில் பழைய வாளோ கட்டாரியோ இருப்பவர்கள், அதைத் தேய்த்துத் துலக்குவதற்கும் பழைய இரும்பாக விற்பதற்கும் முன், ஒளிப்படம் எடுத்து அருகிலுள்ள அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடம் காட்டலாம். குடும்பத்தில் அது வந்த வழியையும் அப்போதே எழுதி வைத்தால், பெயர் பொறிக்கப்படாத அந்தப் பொருளுக்கு அதுவே முதல் ஆவணமாகும்.