வழியிலே தொடங்கும் மருத்துவம்

நுழையும்முன்

விபத்து நிகழ்ந்த இடத்திற்கும் மருத்துவமனைக்கும் இடைப்பட்ட நேரத்தில் பல உயிர்கள் பிழைப்பதும் பிரிவதும் முடிவாகிவிடுகின்றன. அந்நேரத்தில் நோயாளியின் அருகிலிருந்து உயிர்காக்கும் பொறுப்பை ஏற்பவர் அவசர மருத்துவ நுட்புநர். அவருக்குரிய பயிற்சி எவ்வாறு தோன்றியது, அப்பயிற்சியில் அவர் எவற்றைக் கற்கிறார் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சுமத்தலும் காத்தலும்

இதயத்துடிப்பு நின்றதும் மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் நின்றுவிடுகிறது. ஆக்சிஜன் கிடைக்காத மூளையின் உயிரணுக்கள் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் சிதையத் தொடங்குகின்றன. அதற்குள் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் இயலாது. ஆதலால், மருத்துவம் நோயாளி இருக்கும் இடத்தை நாடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வெண்ணம் போர்க்களத்தில் அரும்பியது. 1792ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் லாரே, போர் நடந்துகொண்டிருக்கும்போதே காயமுற்றோரை மீட்பதற்கு விரைந்து செல்லும் குதிரை வண்டிகளை அமைத்தார். பதவியைப் பாராமல், காயத்தின் கடுமையைக் கொண்டே சிகிச்சையின் முன்னுரிமையை முடிவு செய்தார். ஆனால், மக்கள் வாழும் நகரங்களுக்கு இம்முறை வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் 1960களிலும் பல ஊர்களில் இறுதிச்சடங்கு நிறுவனங்களின் ஊர்திகளே நோயாளிகளைச் சுமந்தன. பிட்ஸ்பர்க் நகரில் காவல்துறை வண்டிகள் அப்பணியைச் செய்தன. நோயாளியைப் பின்புறத்தில் கிடத்திவிட்டுக் காவலர் இருவரும் முன்னிருக்கைகளில் அமர்வர். வழியில் மூச்சு நின்றாலும் அதை அறிய நோயாளியின் அருகில் எவரும் இருப்பதில்லை.

வேலையற்ற இளைஞர்கள் வென்ற களம்

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் மருத்துவர் பீட்டர் சாஃபர் குறிப்பிடத்தக்கவர். வியன்னாவில் பிறந்த அவர், வாயோடு வாய்வைத்து மூச்சளிக்கும் முறையின் பயனை ஆய்வால் நிறுவியவர். 1966ஆம் ஆண்டில் அவருடைய மகள் ஆஸ்துமாவால் மூச்சுத்திணறி இறந்தாள். மருத்துவமனைக்கு வெளியே கிடைக்க வேண்டிய உதவியைக் குறித்த அவருடைய முயற்சி அதன்பின் மேலும் தீவிரமடைந்தது.

பிட்ஸ்பர்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில் 1967ஆம் ஆண்டில் 'ஃபிரீடம் ஹவுஸ்' என்னும் அவசர ஊர்திப் பணி உருவாயிற்று. 'வேலைக்குத் தகுதியற்றவர்கள்' என ஒதுக்கப்பட்ட கறுப்பின இளைஞர்கள் அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சாஃபர் அவர்களுக்கு ஏறத்தாழ 300 மணி நேரப் பயிற்சியை வகுத்தார். உடற்கூறு, உடலியங்கியல், இதய இயக்க மீட்பு, பாதுகாப்பாக ஊர்தி ஓட்டுதல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். மருத்துவமனைகளிலும் நேரடியாகப் பயின்றனர். பின்னர் அப்பணியின் மருத்துவ இயக்குநராக வந்த நான்சி கரோலின் உருவாக்கிய பாடத்திட்டம், அந்நாடு முழுமைக்குமான பயிற்சிக்கு அடிப்படையாயிற்று. 1975ஆம் ஆண்டில் நகர நிருவாகம் அவசர ஊர்திப் பணியைத் தானே ஏற்றபோது ஃபிரீடம் ஹவுஸ் மூடப்பட்டது; அதில் உழைத்த பலர் ஓரங்கட்டப்பட்டனர். ஆயினும், முறையான பயிற்சி பெற்றால் மருத்துவர் அல்லாதவரும் சாலையில் உயிர்காக்க இயலும் என்பதை அவர்கள் மெய்ப்பித்திருந்தனர்.

தமிழகத்தில் 108

இந்தியாவில் 108 என்னும் எண்ணில் இயங்கும் அவசர ஊர்திச் சேவை 2005ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தொடங்கியது. 2008ஆம் ஆண்டில் தமிழகத்திற்கு வந்தது. ஓட்டுநரும் மருத்துவ நுட்புநரும் இணைந்து ஊர்தியில் பணியாற்றுகின்றனர். செவிலியம், மருந்தியல், ஆய்வக நுட்பம், உயிரறிவியல் முதலியவற்றைப் படித்தோர் நுட்புநர் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்கள் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஊர்தியிலுமாக ஏறத்தாழ 50 நாள்கள் பயிற்சி பெறுகின்றனர்.

முறை தவறாமை

பயிற்சியின் முதற்பாடம் இடத்தின் பாதுகாப்பு. அறுந்து கிடக்கும் மின்கம்பி, கசியும் எரிபொருள், விரைந்துவரும் ஊர்திகள் ஆகியவற்றைக் கவனியாமல் ஓடுபவர் தாமும் நோயாளியாகிவிடக்கூடும். இடம் பாதுகாப்பானது என்று தெளிந்தபின், உயிரை உடனே பறிக்கக்கூடிய குருதிப்பெருக்கு இருந்தால் அதனை அழுத்திக் கட்டுப்படுத்த வேண்டும். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, மூச்சு வருகிறதா, குருதியோட்டம் சீராக உள்ளதா என்று வரிசை மாறாமல் ஆராய வேண்டும். உடைந்த கால் பார்ப்பவரின் கண்ணை முதலில் ஈர்க்கும். ஓசையின்றி அடைபட்டிருக்கும் மூச்சுப்பாதையோ அதற்கு முன்பே உயிரைப் பறித்துவிடும். இவ்வரிசையைப் பயிற்சி பெறுவோர் நூறுமுறை செய்து பழகுவதன் காரணம் இதுவே.

இதய இயக்க மீட்பும் அத்தகையதே. பெரியவர் ஒருவரின் மார்பின் நடுவே, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்னும் விரைவில், 5 முதல் 6 செ.மீ. ஆழத்திற்கு அழுத்த வேண்டும். 30 அழுத்தங்களுக்குப் பின் 2 முறை மூச்சளிக்க வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ இடமளிக்க வேண்டும். இரண்டு நிமிடங்களிலேயே கைகள் சோர்ந்து அழுத்தத்தின் ஆழம் குறையும். எனவே, இருவர் மாறிமாறிச் செய்யவும் பழகுகின்றனர்.

தெரியுமா?

இதய இயக்க மீட்புப் பயிற்சிக்குரிய மனித உருவப் பொம்மையை 1960ஆம் ஆண்டில் உருவாக்கியவர் நார்வே நாட்டின் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால். பாரிசின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகக் கருதப்படும், பெயர் அறியப்படாத இளம்பெண் ஒருத்தியின் முகவார்ப்பை அவர் அப்பொம்மைக்கு முகமாக அமைத்தார்.

செய்யாமையும் ஒரு பாடம்

எவற்றைச் செய்யக்கூடாது என்பதும் இப்பயிற்சியில் இன்றியமையாதது. சாலை விபத்தில் சிக்கியவரைக் கையும் காலும் பற்றித் தூக்கினால், முறிந்த முதுகெலும்பு தண்டுவடத்தை நசுக்கி வாழ்நாள் முழுமைக்கும் உடலைச் செயலிழக்கச் செய்யலாம். அதனால் கழுத்தை அசையாமல் பிடித்துப் பலகையில் கிடத்த வேண்டும். உடலில் குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கலாகாது; மயங்கிக் கிடப்பவருக்கு நீர் புகட்டலாகாது. பாம்பு கடித்த இடத்தைக் கீறுதலும் வாயால் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தவறு. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. சுற்றிநிற்போர் "உடனே தூக்குங்கள்" என்று பதறும்போதும் இவ்விதிகளைக் காப்பதற்கு மனஉறுதி வேண்டும்.

பேருந்து விபத்துப் போன்ற பெருந்துயரில் இவ்வுறுதி மேலும் சோதிக்கப்படுகிறது. உடனடிச் சிகிச்சை தேவைப்படுவோருக்குச் சிவப்பு, சற்றுப் பொறுக்கக்கூடியோருக்கு மஞ்சள், எளிய காயமுற்றோருக்குப் பச்சை, உயிர்நீத்தோருக்குக் கறுப்பு என வண்ண அட்டைகள் இடப்படுகின்றன. உரக்க அழுபவரைக் கடந்து, ஓசையின்றிக் கிடப்பவரிடம் நுட்புநர் முதலில் செல்ல நேரிடலாம். இரக்கமின்மையால் அவர் அவ்வாறு செல்வதில்லை. அழுபவருக்கு மூச்சு இருக்கிறது. அழ இயலாதவருக்கே பொழுது குறைவு.

மகப்பேற்றுக்குச் செல்லும் தாய்மாருக்கு ஊர்தியிலேயே குழந்தை பிறப்பதும் உண்டு. பிறந்த குழந்தையை உலரத் துடைத்தல், தாயின் மார்பின்மேல் கிடத்தி வெப்பம் காத்தல், தூய கருவியால் தொப்புள்கொடியை வெட்டுதல் ஆகியனவும் பாடத்தில் அடங்கும். ஐயம் எழுந்தால் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரிடம் தொலைபேசியில் அறிவுரை பெறலாம். நோயாளியின் நிலையையும் அளித்த சிகிச்சையையும் பிழையின்றிக் குறித்து மருத்துவமனையில் ஒப்படைப்பதோடு நுட்புநரின் கடமை நிறைவுறுகிறது.

கற்கும் வாய்ப்பும் காக்கும் கடமையும்

மேல்நிலை வகுப்பில் அறிவியல் பயிலும் மாணவருக்கு இத்துறையில் வாய்ப்புகள் உள்ளன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. எனினும், ஊர்தி வந்துசேரும்வரை நோயாளியின் அருகில் நிற்பவர் பொதுமக்களுள் ஒருவரே. விபத்தில் உதவுவோரைக் காக்க 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் தொடங்கியது. தொலைபேசியில் இடத்தைத் தெளிவாகச் சொல்லவும், குருதி பெருகும் காயத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கவும், மார்பழுத்தத்தைத் தொடங்கவும் கற்ற ஒருவர் அவ்விடத்தில் இருப்பாராயின், நுட்புநர் வந்துசேரும்போது காப்பதற்கு ஓர் உயிர் எஞ்சியிருக்கும்.