மளிகைக்கு ஏது பன்மை?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டீ குடிக்க நின்றால், கிளாஸ் ஆறுவதற்குள் எதிரே நாலு போர்டு படித்துவிடலாம். ‘மெஷினரீஸ்’ என்று ஒன்று, ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று ஒன்று. ஆவடி, பூந்தமல்லி என்று போனால் ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘ஸ்டேஷனரீஸ்’. இந்த நாலிலும் கடைசி ‘எஸ்’ கூடுதல். கடைக்காரர்களைக் குறை சொல்ல வேண்டாம். ‘பல இருந்தால் எஸ்’ என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். அது பாதி விதி. மறுபாதியை டீ முடிவதற்குள் பார்த்துவிடுவோம்.

முதலில் சுலபமானது. தமிழில் கல்லோடு ‘கள்’ சேர்ந்தால் கற்கள். மரத்தோடு சேர்ந்தால் மரங்கள். நாக்குக்குத் தோதாக ஒலி மாறிக்கொள்கிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். ‘பஸ்’ என்பது ஏற்கெனவே ‘ஸ்’ ஒலியில் முடிகிறது. அதன் மேல் இன்னொரு ‘ஸ்’ ஏறாது. அதனால் நடுவில் ஓர் உயிரொலி புகுந்து ‘பஸஸ்’ ஆகிறது. பாக்ஸ், வாட்ச், பிரஷ் எல்லாம் இந்த வகை.

அடுத்து, எஸ்ஸுக்கு அடங்காத பழைய சொற்கள். ஃபுட் ‘ஃபீட்’ ஆகும், டூத் ‘டீத்’ ஆகும். இவை மனப்பாடம்தான். இவற்றில் ‘சில்ட்ரன்’ மட்டும் நமக்கு நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் ‘சில்டர்’ என்றாலே பல குழந்தைகள். பின்னால் வந்தவர்கள் அதன் மேல் இன்னொரு பன்மை விகுதியையும் ஒட்டினார்கள். ‘அவர்’ என்ற பன்மை மரியாதைக்குப் போய்விட, நாம் ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்கிறோமே, அதைப் போல.

இப்போது போர்டுக்கு வருவோம். தமிழில் ‘நாலு இட்லி’ என்றால் போதும். ‘நாலு இட்லிகள்’ என்று யாரும் கேட்பதில்லை. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் சரி. இப்படிப்பட்ட சொற்களை நன்னூல் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்கிறது. அதாவது, ஒன்றா பலவா என்று தன் உருவில் காட்டாத பெயர். இந்தப் பழக்கத்தில் நாம் ஆங்கிலத்திலும் எஸ்ஸை விட்டுவிடுகிறோம், வகுப்பில் திட்டு வாங்குகிறோம். திட்டு வாங்கிய கை, பிறகு கண்ட இடத்திலெல்லாம் எஸ் போடுகிறது.

ஆங்கிலமோ, பல இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்கிறது: இதை ஒன்று, இரண்டு என்று எண்ண முடியுமா? மளிகையை நினைத்துக்கொள்ளுங்கள். பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆனால் கடையில் போய் ‘மூணு மளிகை குடுங்க’ என்றால் அண்ணாச்சி விழிப்பார். மளிகை என்பது மொத்தத்துக்குப் பெயர். ‘ஃபர்னிச்சர்’ அப்படித்தான். உள்ளே இருக்கும் நாற்காலியை எண்ணலாம், ‘சேர்ஸ்’ எனலாம். ஃபர்னிச்சரை எண்ண முடியாது. மெஷின் எண்ணக்கூடியது, ‘மெஷின்ஸ்’ சரி. மெஷினரி மொத்தப் பெயர், அதற்கு எஸ் இல்லை. 1961-இல் ஆவடியில் அமைந்த டாங்கித் தொழிற்சாலையின் பெயரைப் பாருங்கள்: ‘ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி’. வண்டியை எண்ணலாம், எஸ் வந்தது.

மொத்தப் பெயரை எண்ணியே ஆக வேண்டுமென்றால்? ‘ரெண்டு மூட்டை அரிசி’ என்கிறோம். எண்ணிக்கை மூட்டைக்கு, அரிசிக்கு அல்ல. அதே மாதிரி ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’. லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் எல்லாம் இந்த மூட்டைக் கணக்கில் சேர்ந்தவை.

எஸ் போட வேண்டிய இடத்தில் விடுகிற ஒரு தவறும் உண்டு: ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’. இங்கே தமிழே கைகொடுக்கும். ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று நாம் ‘கள்’ சேர்த்துத்தானே சொல்கிறோம்? அந்தக் ‘கள்’ளுக்கு ஈடாக ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று எஸ் வர வேண்டும்.

டீ முடிந்தது. அடுத்த முறை கடைக்குப் போர்டு எழுதினாலும், வேலைக்கு விண்ணப்பம் எழுதினாலும், எஸ் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.