ஏட்டோடு ஏடு பேசுமாறு

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோர்க்குப் பேரேடு என்பது புதிய பொருளன்று. விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடப்படும்பொழுது ஒருவரது நாள் செக்ரோலில் விழுகின்றது. கொழுந்து நிறுக்கப்படும்பொழுது நிறை விழுகின்றது. ஏட்டில் விழாத உழைப்பு உழைப்பாகக் கொள்ளப்படாது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் அரிச்சுவடி பயிலுமுன்னரே அறிந்துவிடுகின்றனர்.

சென்ற ஆண்டு, உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவன் ஒருவன் எம்மிடம் ஒரு வினாவைக் கொண்டுவந்தான். வெளிவாரிப் பட்டம் பெற்ற கலைத்துறை ஆசிரியனாகிய எம்மிடம் அவ்வினா வந்தமைக்குக் காரணம், அன்று கணினி ஆசிரியர் விடுமுறையில் இருந்தமையேயன்றிப் பிறிதில்லை. "பிளாக்செயின் என்னும் பேரேட்டை ஒருவராலும் திருத்த முடியாது என்கிறார்கள். அப்படியானால், ஒரு பேரேட்டில் எழுதியிருப்பதை இன்னொரு பேரேடு எப்படி நம்பும், சேர்?" என்று அவன் கேட்டான்.

எமக்கு உடனே நினைவுக்கு வந்தது கணினியன்று. எம் அன்னையாரின் சேமலாப நிதிக் கணக்கு. 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் நிருவாகம் 1992-இற் கம்பனிகளின் கைக்கு மாறியது. எம் அன்னையார் கொழுந்தெடுத்த தோட்டமும் அவ்வாறு கைமாறிய ஒன்று. மலை மாறவில்லை, லயம் மாறவில்லை, ஏடு மாறிற்று. பழைய ஏட்டில் ஒருவாறும் புதிய ஏட்டில் வேறொருவாறும் அவர் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. வேறுபாடு ஓரெழுத்தே. அவ்வோரெழுத்திற்காக அவர் ஓய்வுபெற்றபின் மூன்றாண்டுகள் யாம் படியேறி இறங்கினோம். பழைய ஏட்டுக்காரர் புதியவரைக் கேட்கச் சொன்னார். புதியவர் பழையவரைக் கேட்கச் சொன்னார். இரண்டு ஏடுகளும் தத்தம் அளவிற் சரியாகவே இருந்தன. ஒன்றுக்கொன்று பேச அவற்றுக்கு வழியில்லை என்பதே குறை.

இக்குறை எம் மலைநாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட பழைமையுடையது. ஏட்டோடு ஏடு பேசுதற்கு அக்காலத்தில் ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது. அதற்குத் துண்டு என்று பெயர். ஒரு தோட்டத்துத் துரை, தம்மிடம் உள்ள கங்காணியும் அவன் ஆட்களும் இவ்வளவு கடன்பட்டிருக்கின்றனர், அத்தொகையைச் செலுத்துவோர்க்கு அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். கங்காணி அச்சீட்டை எடுத்துக்கொண்டு ஆள் தேவையுள்ள வேறு தோட்டத்துக்குச் செல்வான். அத்தோட்டத்துத் துரை தொகையைச் செலுத்துவார். கடன் முந்திய தோட்டத்தின் ஏட்டிலிருந்து நீங்கி இவருடைய ஏட்டில் ஏறும். புது முற்பணமும் அதனோடு சேரும். 20-ஆம் நூற்றாண்டின் முதற்பதின்களில் றப்பர்த் தோட்டங்கள் பெருகி ஆட்களுக்குப் போட்டி மிகுந்தபோது, துண்டிலிருந்து துண்டுக்குக் கடன் வளர்ந்துகொண்டே சென்றது.

இம்முறையின் நுட்பமான தீங்கு எங்கேயிருந்தது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். கடன் யாருடைய தலையில் இருந்ததோ அத்தொழிலாளிக்குத் துண்டைப் படிக்கத் தெரியாது. படித்தாலும் அத்தொகை முந்திய ஏட்டோடு பொருந்துகின்றதா என்று பார்க்க வழியில்லை. சீட்டைச் சுமந்து செல்பவன் எவனோ, அவனே ஆட்களின் கடனுக்குச் சாட்சி. அவனே அக்கடனால் ஆதாயம் அடைபவனும். தூதனும் சாட்சியும் பயனாளியும் ஒருவனே ஆனமையாற் பொய்க்குப் பூட்டு இல்லாதொழிந்தது. 1921-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

துண்டோடு ஒப்பிட்டு நோக்கத் தக்கது தகரவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வருவோரின் கழுத்தில் அவர்கள் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரவில்லையொன்று தொங்கவிடப்பட்டது. வழியிலுள்ளோர் அம்மனிதரை யார் என்று அறியவேண்டியதில்லை; வில்லையைப் பார்த்து அடுத்த இடத்துக்கு அனுப்பிவிட்டு, வழிச்செலவை அத்தோட்டத்தின் கணக்கில் எழுதினாற் போதும். மனிதனைப் பொதிபோல் நடத்திய செயல் என்று மனம் கசக்கின்றது, கசத்தலே முறை. எனினும் முகவரியை வெளியே வைத்து, உள்ளிருப்பதை அறியாமலே கடத்திச் செல்லும் அவ்வேற்பாட்டையே இன்று கணினிப் பொறியியலாளர் பொதிகளுக்குக் கையாளுகின்றனர். பொதிக்கு அது தகும்.

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். பிளாக்செயின் என்பது பக்கம் பக்கமாக வளரும் ஒரு பேரேடு. ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தின் விரற்சுவடு போன்றதோர் எண் பதிந்திருக்கும். பழைய பக்கத்தில் ஓரெழுத்து மாறினும் பின்வரும் சுவடுகள் யாவும் பொருந்தாமற் போகும். ஏட்டின் படி ஒருவரிடமன்றிப் பல கணக்கர்களிடம் உள்ளது. டென்டர்மின்ட் என்னும் முறையில், அக்கணக்கர்களின் வாக்குவலுவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டது கையொப்பமிட்டாலன்றிப் புதிய பக்கம் ஏற்கப்படாது. ஒவ்வொரு கணக்கரும் பிணைப்பணம் வைத்திருப்பர். இருவேறு பக்கங்களுக்குக் கையொப்பமிட்டு ஏமாற்றின் பிணை பறிபோகும்.

இத்தகைய ஏடுகள் பலவாகப் பெருகியபொழுது அவை தனித்தனித் தீவுகளாயின. 2016-இல் ஜே குவோன், ஈதன் புக்மன் என்னும் இருவர் கொஸ்மொஸ் என்னும் திட்டத்தை எழுதி, ஏடுகள் ஒன்றோடொன்று பேசுதற்கான நெறியொன்றையும் முன்வைத்தனர். அதன் பெயர்ச் சுருக்கம் ஐ.பி.சி. கொஸ்மொஸ் மைய ஏடு 2019 மார்ச்சில் தொடங்கிற்று, அதில் ஐ.பி.சி. வழியே நாணயம் அனுப்பும் வசதி 2021 மார்ச்சு இறுதியில் திறக்கப்பட்டது.

இந்நெறியின் உயிர்நிலை ஒன்றே: தூதனை நம்பாதே, தூதன் கொண்டுவந்த சான்றை நீயே சோதித்துப் பார். முதல் ஏடு தனக்குள்ளே இரண்டாம் ஏட்டைப் பற்றிய சிறு குறிப்பொன்றை வைத்திருக்கும். அங்கே கணக்கர்கள் யாவர், அண்மைய பக்கத்தில் அவ்வேட்டின் முழுநிலையைக் குறிக்கும் சுவடு யாது என்பனவே அக்குறிப்பு. முழு ஏட்டையும் படியெடுத்து வைப்பதில்லை. இரண்டாம் ஏட்டிலும் முதல் ஏட்டைப் பற்றி இவ்வாறே ஒரு குறிப்பு இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே ஓடித் திரிவது தூதனாகிய ஒரு நிரல். அது புதிய பக்கத் தலைப்பைக் கொண்டுவந்தால், தான் அறிந்த கணக்கர்களின் கையொப்பம் போதிய அளவு உண்டா என்று ஏடு தானே சோதித்துக் குறிப்பைப் புதுக்கும். பின்னர், "இன்ன செய்தி அங்கே பதிந்துள்ளது" என்று தூதன் கூறினால், அக்கூற்றைச் சுவட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும். தூதன் ஓரெழுத்தை மாற்றினும் ஒப்பீடு தவறிச் செய்தி தள்ளப்படும். தூதனாக யாரும் வரலாம். துண்டைச் சுமந்த கங்காணியிடம் இருந்த வலிமை இத்தூதனிடம் இல்லை.

நாணயம் போகும் முறையும் துண்டை நினைவூட்டுவதே. முதல் ஏட்டிலே நாணயம் பூட்டிவைக்கப்படும்; பூட்டப்பட்டமைக்குச் சான்று சென்றதும் இரண்டாம் ஏட்டிலே அதற்கு ஈடான சீட்டு பிறக்கும். திரும்பிவரும்போது அங்கே சீட்டு அழிக்கப்பட்டு இங்கே பூட்டு திறக்கப்படும். சீட்டின் பெயரிலேயே அது எந்தத் துறை வழியே வந்தது என்பது பதிந்திருக்கும். ஆதலின் ஒரே நாணயம் இரு வேறு வழிகளால் வந்தால் இரண்டும் ஒன்றாகக் கொள்ளப்படமாட்டா. முதலிற் பயில்வோர்க்கு இது தொல்லையாகத் தோன்றும். எத்தனை கைமாறி வந்த கடன் என்பதைத் துண்டு மறைத்தது என்பதை நினைப்போர்க்கு அவ்வாறு தோன்றாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏட்டில் இவ்வசதியை எவ்வாறு சேர்ப்பது? கொஸ்மொஸ் கருவித்தொகுதியிற் கட்டப்பட்ட ஏடுகள் தனித்தனிக் கூறுகளாக அமைந்தவை: கணக்குகளுக்கு ஒன்று, பணமாற்றத்துக்கு ஒன்று, பிணைக்கு ஒன்று, வாக்கெடுப்புக்கு ஒன்று. ஐ.பி.சி.யும் அவ்வாறான ஒரு கூறே. 2021-இல் அது தாய்த் தொகுதியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மென்பொருளாக வெளியிடப்பட்டு வருகின்றது. அதனைச் சேர்ப்போர் அதற்கெனத் தனிக் களஞ்சியம் ஒன்றை ஒதுக்குவர். வரும் பொதியை எந்தக் கூற்றிடம் ஒப்படைப்பது என்று வழிகாட்டும் அட்டவணையை அமைப்பர். நாணயம் அனுப்பும் கூற்றை அதன்மேற் பொருத்துவர். ஐ.பி.சி. பொதிக்குள் இருப்பதைப் பார்ப்பதில்லை. தபாற்பையைக் கொண்டுவரும் புகைவண்டிக் காவலர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை அல்லவா? நாணயம் அனுப்புவதற்கு அமைத்த அதே வழியில், பின்னர் வேறு செய்திகளையும் அனுப்புவதற்கான கூறுகளைப் பொருத்த முடிவது இதனாலேயே.

ஆயின் ஒரு கணக்கர் மட்டும் தம் படியில் இக்கூற்றைச் சேர்த்துக்கொண்டால் அவர் எழுதும் பக்கம் பிறருடையதோடு பொருந்தாது. எனவே முதலில் வாக்கெடுப்பு நடைபெறும். இன்ன இலக்கப் பக்கத்தில் மாற்றம் என்று முடிவாகும். அப்பக்கம் வந்ததும் எல்லாப் படிகளும் நின்றுவிடும். யாவரும் பழைய நிரலை நீக்கிப் புதியதை வைத்து, புதுக் களஞ்சியத்தைத் திறந்து, அவ்விடத்திலிருந்தே தொடர்வர். பழைய பக்கங்களில் ஒன்றேனும் மாறாது. மாதக்கணக்கை முடித்துக் கோடிட்டு, மறுபக்கத்தில் புதிய நிரைகளை வகுக்கும் கணக்கப்பிள்ளையின் செயலை இதற்கு ஒப்புக் கூறலாம். 1992-இல் எம் தோட்டத்தில் அப்படியொரு கோடு இடப்பட்டிருக்குமாயின் எம் அன்னையார் மூன்றாண்டு காத்திருக்க நேர்ந்திராது.

கூறு சேர்ந்தபின் இரு ஏடுகளும் நான்கு படிகளில் அறிமுகம் செய்துகொள்ளும். ஒன்று அழைக்கும், மற்றையது சான்றோடு இசையும், முன்னையது அவ்விசைவைச் சான்றோடு ஏற்கும், பின்னையது உறுதி கூறும். அதன்மேல் துறை திறத்தற்கும் இவ்வாறே நான்கு. 2025-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு இச்சடங்கைப் பெரிதும் சுருக்கிவிட்டது.

ஒரு பொறுப்பு மட்டும் ஓயாது. மற்றை ஏட்டைப் பற்றிய குறிப்பைக் காலந்தவறாது புதுக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். கொஸ்மொஸ் மைய ஏட்டில் ஒரு கணக்கர் விலகினால் அவருடைய பிணைப்பணம் 21 நாட்கள் கழித்தே திருப்பப்படும். அதற்குப்பின் அவர் பழைய பக்கமொன்றுக்குப் பொய்க் கையொப்பமிட்டாற் பறிப்பதற்கு எதுவும் இராது. ஆதலின் அக்காலத்தினும் குறுகிய ஒரு தவணைக்குள் குறிப்பு புதுக்கப்படாவிடின் அது செத்ததாகவே கொள்ளப்படும். மீண்டும் உயிர்ப்பிக்க வாக்கெடுப்பு வேண்டும். தூதனை ஓட்டுவோர்க்கு ஊதியம் இல்லையாயின் இவ்வேலை தவறிப்போவது இயல்பே. நெறியை வகுத்தோர் இதில் இன்னும் கருத்தூன்றியிருக்கலாம் என்பது எம் எண்ணம்.

சான்றைச் சோதியாமற் சிலரது கையொப்பத்தையே நம்பும் பாலங்களும் உள. அவற்றுள் ரோனின் என்பதில் 9 கையொப்பக்காரர் இருந்தனர். 5 பேரின் ஒப்பம் போதும் என்பது விதி. 2022 மார்ச்சிற் கள்வர் ஐந்து திறவுகோல்களைக் கைப்பற்றி 1,73,600 ஈதரும் 2 கோடியே 55 இலட்சம் டொலர் மதிப்புள்ள நாணயமும் எடுத்துச் சென்றனர். அது ஆறு நாட்கள் வரை ஒருவருக்கும் தெரியவில்லை. பெரிய கங்காணி ஒப்பமிட்டால் முடிந்தது என்ற பழைய முறையின் புதிய வடிவமே இது.

எல்லாம் கூறியபின்னும் மாணவனிடம் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. கொழுந்து நிறுக்குமிடத்தில் நிறை குறைத்து எழுதப்பட்டால், அக்குறை நிறையையே இந்நெறி பிழையின்றி ஏட்டுக்கு ஏடு கொண்டு சேர்க்கும். அம்மனைத் தராசருகில் நிற்கவைக்க அதனால் இயலாது.

இரண்டு கிழமை கழித்து அவனும் அவன் தோழனும் பாடசாலையின் பழைய கணினிகள் இரண்டில் இரு சிற்றேடுகளை ஓடவிட்டு எம்மை அழைத்தனர். நாணயம் அனுப்பும்போது பத்து நிமிடத் தவணை குறித்துவிட்டு, உடனே தூதனை நிறுத்தினர். நாணயம் முதல் ஏட்டிற் பூட்டப்பட்டு நின்றது. இரண்டாம் ஏட்டில் ஒன்றும் பிறக்கவில்லை. "காசு தொலைந்தது" என்றோம் யாம். "பொறுங்கள் சேர்" என்றான் அவன். தவணை கடந்தபின் தூதனை மீண்டும் இயக்கினர். இம்முறை அது கொண்டுவந்தது, குறித்த காலத்துக்குள் அப்பொதி அங்கே வந்து சேரவில்லை என்பதற்கான சான்று. முதல் ஏடு அதனைச் சோதித்தது; பூட்டைத் திறந்தது; அனுப்பியவர் கணக்கில் 100 நாணயமும் குறையாமல் மீண்டும் விழுந்தன.