ஒரே ஒரு யூனிட்... 233 ரூபாய்!

ஒரு மார்க்குல அரியர் விழுமே, அந்தக் கொடுமை கரன்ட் பில்லுலயும் உண்டு பாஸ்! தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்னா 1,725 ரூபாய். 501 ஆனா? 1,958! 500-ஐத் தாண்டினதும், 101-லிருந்து 200 வரைக்குமான யூனிட்டுக்கு 2.25-க்குப் பதிலா 4.50 போட்டுடுவாங்க. அதான் சூட்சுமம். 2024 ஜூலையில் ரேட் ஏறினப்பவும் இந்தப் பள்ளம் அப்படியேதான் இருந்தது.

அதனால, ரீடிங் எடுக்க ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. போன ரீடிங்கைக் குறிச்சு வெச்சு, 30-ம் நாள் மீட்டரைப் பாருங்க. 250-ஐத் தாண்டியிருந்தா உஷார்!

எதுல கை வைக்கறது? வாட்ஸை மணியால பெருக்கி ஆயிரத்தால வகுத்தா யூனிட். அவ்ளோதான் கணக்கு. பழைய 75 வாட்ஸ் ஃபேன் தினம் 12 மணி நேரம் சுத்தினா, 60 நாள்ல 54 யூனிட். அதுவே 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேன்னா 22 கூட வராது. 2,000 வாட்ஸ் கீஸர் தினம் அரை மணி நேரம் ஓடினா 60 யூனிட் காலி.

செல்போன் சார்ஜருக்காக அம்மா திட்டினா கண்டுக்காதீங்க, அது சில்லறை. கீஸருக்காகத் திட்டினா மட்டும் சத்தமில்லாம எழுந்துபோய் ஸ்விட்சை அணைச்சிடுங்க!