கத்தரிப் பூவில் குயில்தேனீ

பிறர் சேர்த்த பொருளில் தன் குஞ்சை வளர்க்கும் வழக்கம் குயிலுக்கு மட்டும் உரியதன்று. தேனீக்களிலும் அத்தகைய இனங்கள் உண்டு. அங்கத்தினர் ஒருவர் தம் கத்தரித் தோட்டத்து வரப்பில் பிடித்த மூன்று ஈக்களைச் சீசாவில் அடைத்துக் கொணர்ந்து, "ஐயா, இவை மகரந்தம் சுமப்பதில்லை; மருந்து தெளித்து விடலாமா?" என்று வினவினார்.

கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனித் துளை வழியாகவே மகரந்தத்தை உதிர்க்கும். அமெகில்லா என்னும் நீலப்பட்டைத் தேனீ பூவைப் பற்றி ரீங்காரமிட்டு அதிர்க்க, மகரந்தம் கொட்டுகிறது. பெட்டித் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. அமெகில்லா மண்ணில் வளை தோண்டி, அறைதோறும் உணவு சேர்த்து முட்டையிடும். தைரியஸ் என்னும் குயில்தேனீயோ அவ்வறையுள் புகுந்து தன் முட்டையை வைத்துச் செல்லும். அதிலிருந்து வரும் புழு அரிவாள் போன்ற தாடையால் வீட்டுக்குரிய முட்டையையோ புழுவையோ கொன்று, உணவைக் கைப்பற்றும்.

இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? நெசவாள நண்பர்களுக்கு ஒரு சொல் போதும்: அமெகில்லாவின் வயிற்றில் நீலம் குறுக்கே ஓடும் பட்டை, தைரியஸின் வயிற்றில் அது பெரும்பாலும் இருமருங்கும் இட்ட புட்டா. ஆயினும் மயிர் தேய்ந்தால் நிறமும் போய்விடும். உறுதியான அடையாளம், முதுகின் பின்னோரத்திலுள்ள தகடு. தைரியஸில் அது தட்டையாகப் பின்னோக்கி நீண்டு, ஓரத்தின் நடுவே வெட்டுண்டிருக்கும். தைரியஸ் இனங்களைத் தம்முள் பிரிக்கவும் அத்தகட்டின் வடிவும் புள்ளிகளின் அமைப்பும் உதவுகின்றன. இந்தோ-ஆஸ்திரேலிய இனங்களைப் பற்றி லீஃப்டிங்க் 1962ஆம் ஆண்டில் விரிவான ஆய்வு வெளியிட்டார்.

பின்காலில் மகரந்தம் சுமக்கும் அடர்மயிர் இல்லாமை மட்டும் சான்றாகாது; ஆண் அமெகில்லாவுக்கும் அது இல்லை. இதனை மறந்து, மூன்றையும் குயில்தேனீ என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பின்னர்ப் பூதக்கண்ணாடியில் ஒன்றை நோக்கினேன். உணர்கொம்பில் 13 கணுக்கள் இருந்தன, ஆகவே ஆண். பெண்ணாயின் 12. தகடும் நீளவில்லை, பட்டையும் தொடர்ந்து ஓடியது. உழைப்பாளியின் வீட்டுக்காரரைத் திருடர் என்றுவிட்டேன்! ஒரே வவுச்சரைக் கொண்டு கணக்கை முடிக்கலாகாது என்று சங்கங்களுக்குச் சொல்பவனும் நானே.

துவரைப் பூவுக்கு வரும் இலைவெட்டித் தேனீயாகிய மெகாகைலுக்கும் சீலியாக்ஸிஸ் என்றொரு குயில்தேனீ உண்டு. மெகாகைல் பெண் வயிற்றின் அடிமயிரில் மகரந்தம் சுமக்கும். சீலியாக்ஸிஸ் பெண்ணுக்கு அம்மயிர் இல்லை. வயிறு கூம்பிக் கூராக முடியும். ஆணுக்கு அந்நுனியில் முட்கள் இருக்கும்.

மருந்து வேண்டா என்றே அங்கத்தினருக்கு விடை கூறினேன். குயில்தேனீ திரிகிறதெனில் அருகே அமெகில்லாவின் வளைகள் உள்ளன என்பது பொருள். மருந்து இரண்டையும் ஒருங்கே கொல்லும். அவ்வரப்பை இம்முறை வெட்டாமல் விட்டுவைப்பதாகச் சொல்லிச் சென்றார்.