அணிலுக்கும் ஒரு ரோடு

மூன்று நாள் லீவு. ஊட்டிக்குக் கணக்குப் போட்டேன், பி.காம். படித்ததற்கு அது ஒன்றுதான் பலன். வரவை விடச் செலவு எகிறியது. நான் ராஜபாளையத்துக்காரன். பக்கத்து ஊர் செண்பகத்தோப்பையே முப்பத்தைந்து வயசு வரை பார்த்ததில்லை. பஸ் ஏறினேன். அரை மணியில் ஸ்ரீவில்லிபுத்தூர்.

ஆண்டாள் கோயில் கோபுரம்: 11 நிலை, 192 அடி. அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. இந்தக் கோபுரத்தில் ஊர்க்காரர்களுக்கு ஏகப் பெருமை. பால்கோவா கடையைச் சும்மா தாண்டிப் போகிறவர் மகான். நான் அரை கிலோ வாங்கினேன்.

அங்கிருந்து மலையடிவாரம், செண்பகத்தோப்பு.

"சார், மேலே பாருங்க!" என்றார் வனக்காவலர்.

பூனை சைஸில் ஒரு சாம்பல் நிற அணில்! இதற்காகவே 1988-ல் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆனது.

"இது கீழே இறங்குறது அபூர்வம் சார். மரத்துக்கு மரம் தாவித்தான் போகும். நடுவுல நாலு மரத்தை வெட்டிட்டா அதுக்கு ரோடு கட்!"

வீசப் போன காலி பாட்டிலைப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

கோபுரம் எங்கேயும் போய்விடாது. அணிலுக்கு அந்த கேரண்டி இல்லை. அடுத்த லீவுக்கு வாங்க சார்... மரத்தை மட்டும் விட்டு வையுங்க!